வௌவாலுக்குக் கட்டிய காப்பு

என் தங்கை மணியம்மாளின் புருஷன் முனிகிருஷ்ணனைக் கெட்டவர் என்று எவனாவது சொன்னால் அவன் சட்டையைப் பிடித்துவிடுவேன். ரொம்ப நல்லவர் என்று சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எறும்பைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிற ஆள்தான் அவர். அதே ஆள்தான் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே கிளப்பினார். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

கவரைப்பேட்டைப் பக்கம் அவர்களுக்கு நஞ்சை நிலம் உண்டு. அவருடைய அப்பா ஏரைப் பிடிக்கச் சொன்னார். இவர் மெட்ராஸுக்கு ரயிலேறி விலங்கியல் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். முழு வாத்தியாரும் இல்லை, அட்டெண்டரும் இல்லை, நடுவில் ஒரு உத்தியோகம். "இன்னா மாப்ள, தவளைய அறுக்கவா இம்மாம் படிப்பு?" என்று நான் கிண்டல் செய்தால் சிரித்து மழுப்புவார். லெக்சரர் ஆக வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே வெறி. அதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டும். மெட்ராஸ் புரொபசர் ஒருவர், வௌவால்கள் எத்தனை காலம் பிழைத்திருக்கின்றன, எந்தெந்தக் குகையில் தங்குகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலையை இவர் தலையில் கட்டினார். எழுபத்திரண்டாம் வருஷம் என்று ஞாபகம்.

எனக்கு அது விளங்கவில்லை. "தொங்கறத எண்ண வேண்டியதுதான, இதுக்கு இன்னா ஆராய்ச்சி?" என்றேன். உடனே அவர் உள்ளே போய், மணியம்மாள் குழம்புக்கு எடுத்துவைத்திருந்த மொச்சைப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பிடி மொச்சையில் மையைத் தொட்டு வைத்து, திரும்பப் போட்டுக் கலக்கி, இன்னொரு பிடி அள்ளினார். "இதுல எத்தினி மை மொச்ச வருதுன்னு பாத்தா, பானைல மொத்தம் எவ்ளோ இருக்குதுன்னு கணக்குப் போட்டுடலாம் மச்சான்." "மொச்ச சாவுமா, பறந்துதான் பூடுமா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தன் ஆராய்ச்சியின் கஷ்டமே என்றார். அடையாளம் போட்ட வௌவால் மறுபடி அகப்படாவிட்டால் அது செத்ததா, வேறு குகைக்குக் குடி போனதா என்று தெரியாது. அதனால் ஒரு குகை போதாது. பக்கத்திலுள்ள குகைகளிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் வரவில்லை என்றால் செத்துப்போனது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்து மணியம்மாள், "மையி மொச்சய ஆராய்ச்சிக்காரரே துன்னட்டும்!" என்று கத்தினாள்.

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, ஆந்திரா மலை இறங்கி முடிகிற இடத்தில் கல்லுமேடு என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பாறையில் மூன்று குகைகள். பெரியதின் வாசலில் கெங்கையம்மனாக ஒரு கல் நட்டு வைத்திருந்தார்கள். பொன்னேரிப் பத்தர் ஒருவரிடம் அலுமினியத் தகட்டில் சின்னச் சின்ன வளையங்கள் வெட்டி, நம்பர் அடித்து வாங்கிக்கொண்டோம். வாய் திறந்த வளையம். வௌவாலின் முன்கையில் மாட்டி லேசாக அழுத்தினால் நிற்கும். இன்னொரு அடையாளமும் போடச் சொல்லியிருந்தார் புரொபசர். இறக்கைத் தோலில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை. வளையம் விழுந்துபோனாலும் இது பழைய வௌவால் என்று அந்தத் தழும்பு காட்டிக்கொடுக்குமாம். இவர் போடவில்லை. "பாவம் மச்சான், வாயில்லாத ஜீவன், அது இறக்கைய எதுக்கு நோகடிக்கணும்?" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய மனசாகத்தான் தெரிந்தது.

ஆனி மாசம் நாங்கள் வலையும் கூடையுமாக இறங்கியதும் ஊர் கூடிவிட்டது. அம்மன் குகை வௌவாலைத் தொடக்கூடாது என்றார்கள். கிராம முன்சீப் அரசப்பன் மீசையைத் தடவிக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். வளையம், நம்பர், ஆராய்ச்சி என்று மாப்பிள்ளை என்னென்னவோ சொன்னார்; ஒருவர் காதிலும் ஏறவில்லை. கடைசியில் சாமர்த்தியமாக ஒரு வார்த்தையைப் பிடித்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க. வவ்வாலுக்குக் காப்பு கட்டறோம், அவ்ளோதான்!"

அவ்வளவுதான், ஊர் முகம் மாறிவிட்டது. ஆடி ஜாத்திரைத் திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கொள்கிற ஊர் அது. மஞ்சள் துண்டை நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிவிட்டால் கவுச்சி தொடக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. "அம்மன் வூட்டு வவ்வாலுக்கும் காப்பா, பேஷ்!" என்று சிரித்து வழிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அங்கேதான் துலுக்காணத்தைப் பார்த்தோம். குகையில் சேரும் வௌவால் புழுக்கையை அள்ளி வயல்களுக்கு எருவாகக் கொடுப்பது அவன் குடும்பத்துப் பிழைப்பு. பெண்டாட்டி கெங்கம்மாள், கல்யாண வயதில் குப்பாயி என்று ஒரு பெண். நாங்கள் வளையம் மாட்டும்போது கூடைக்கு மேல் துணி போட்டு மூடிக்கொடுத்தான். ஒவ்வொரு வௌவாலுக்கும் மாட்டி முடித்ததும் கையெடுத்து ஒரு கும்பிடு. "அதுக்கு இன்னாப்பா கும்பிடு?" என்று நான் கேட்டதற்கு, "காப்பு கட்டியாச்சே சார், இனிமே அது சாமிதான?" என்றான். நான் சிரித்தேன். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவே இல்லை, நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் மறுபடி போனபோது எனக்கு விஷக்காய்ச்சல். மாப்பிள்ளை மட்டும் தனியாகப் போய்விட்டு, கருகிப்போன முகத்தோடு திரும்பினார். அம்மன் குகையில் பிடித்த வௌவால் ஒன்றிலும் வளையம் இல்லையாம். மற்ற இரண்டு குகைகளில் போட்ட வளையங்கள் அங்கங்கே அப்படியே இருக்கின்றன. ஆனால் அம்மன் குகை வௌவால் ஒன்றுகூட அங்கே குடி போகவில்லை. "எல்லாம் செத்துப் போச்சு மச்சான்." "செத்துப் போச்சுன்னா குகை நெறய தொங்கினு கீதுன்றீங்களே, அது இன்னா?" "வெளியிலேர்ந்து புதுசா வந்திருக்கும்." கேள்வி கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். குகை வாசலில் சாம்பல் கிடந்ததாம். பக்கத்தில் மண்சட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீர். "துலுக்காணம்தான். இளைப்புக்கு மருந்துன்னு வவ்வால் கறி சாப்புடறவங்க இருக்காங்க. மஞ்சள் போட்டு அங்கயே சமைச்சிருக்கான்!"

சமைத்ததை யாராவது பார்த்தார்களா? இல்லை. துலுக்காணத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் இல்லை. அவன் அன்றைக்குக் குகைக்குக் கீழேதான் எரு அள்ளிக்கொண்டிருந்தானாம், இவரைப் பார்த்து வணக்கம்கூட வைத்தானாம். இவர் கேட்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, கிராம முன்சீப்புக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். துலுக்காணம் அம்மன் குகை வௌவால்களைப் பிடித்துத் தின்கிறான், அவனைக் குகைப் பக்கம் விடக்கூடாது என்று. வௌவால் இறக்கைக்குப் பார்த்த பாவத்தை அந்த மனிதனுக்குப் பார்க்கவில்லை ஐயா! எனக்கு ஆறாத இடம் இதுதான்.

முன்சீப் அரசப்பனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவர் மச்சினனுக்கு அந்த எருமேல் ரொம்ப நாளாகக் கண். ஊரைக் கூட்டி, மெட்ராஸிலிருந்து புகார் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, யார் எழுதியது என்பதை மூடிவைத்து, துலுக்காணம் இனிமேல் குகைப்படியை மிதிக்கக்கூடாது என்று தீர்த்துவிட்டார். அம்மன் வௌவாலைத் தின்றவன் என்று ஊரும் ஒதுக்கியது. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

மாப்பிள்ளை புரட்டாசியில் அந்தக் குகை வௌவால்களுக்கு மறுபடியும் வளையம் போட்டார். இந்தத் தடவை மாதாமாதம் பிடித்துப் பார்த்தாலும் வளையங்கள் இருந்தன. மார்கழியிலும் இருந்தன, பங்குனியிலும் இருந்தன. அதற்குமேல் சாட்சி என்ன வேண்டும்? ஒரே ஒரு ஆளை அப்புறப்படுத்தினால் ஒரு குகை வௌவாலே பிழைத்துக்கொள்கிறது என்று மெட்ராஸில் ஒரு கூட்டத்தில் படித்தார். கை தட்டினார்கள். கல்லூரியிலும் அடுத்த லெக்சரர் வேலை அவருக்குத்தான் என்று பேச்சு. மணியம்மாள் தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அப்புறம் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கின. இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு டைம் கீப்பர் வேலை கிடைத்தது. ஒரு பக்கம் உலை எரியும், ஒரு பக்கம் இன்னும் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும். ஜல்லி சுமக்கிற கூட்டத்தில் ஒருநாள் துலுக்காணத்தைப் பார்த்தேன். கெங்கம்மாளும் குப்பாயியும் தலையில் சும்மாடோடு நின்றார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் அவனே ஓடிவந்து, "சார், நல்லா கீறீங்களா? வவ்வாலு சார் சவுக்கியமா?" என்று கேட்டான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

வவ்வால் சாரே ஒரு மத்தியானம் வந்து நின்றார். ஆவணி மாசம், வேறு ஏதோ காரியமாக என்னைப் பார்க்க வந்தவர். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருக்க, துலுக்காணம் பார்த்துவிட்டான். சிமெண்ட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டான். மாப்பிள்ளை கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "இன்னா துலுக்காணம்" என்றார், அவ்வளவுதான்.

"சார், உங்களத்தான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்த ஆடிக்கு வவ்வாலுங்களுக்குக் காப்பு யாரு சார் அவுத்தாங்க? எனக்கு அதே ரோசன."

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். "எந்தக் காப்பு?"

"நீங்க மறுபடி வந்து கட்டனீங்களாமே சார், ஊர்க்காரங்க சொன்னாங்க, அதான். ஜாத்திர முடிஞ்சா அவுக்கணுமே? நம்ம காப்ப அவுத்துட்டு அதுங்களத அப்டியே உட்டா தோசமாச்சே. மின்ன அம்மன் வூட்டு வவ்வாலுங்களுக்கு நானும் எங்கூட்டுப் பொம்பளயும்தான் அவுத்தோம். கற்பூரம் கொளுத்தி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, வேப்பல காட்டி, ஒண்ணொண்ணா அவுத்து ஏரில உட்டோம். பாவம் சார், அதுங்க காப்பு கட்டிக்கினு தெனம் எல்ல தாண்டிப் போவுதுங்க, பூச்சிய வேற துன்னுதுங்க. எவ்ளோ பாவம் சேரும்!"

எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. மாப்பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. "வேப்பிலையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார், வேப்பல இல்லாம எப்டி?"

துலுக்காணம் போவதாகக் காணோம். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். "எவனோ படிச்சவன் எங்க மேல கடுதாசி போட்டுட்டான் சார். ஊர்ல எங்கள வவ்வாலுத்தின்னின்றாங்க. குப்பாயிக்கு ஒரு எடம் வந்துது. அவளுக்குப் பையனக்கூடப் புடிச்சுப் போச்சு. இந்தப் பேரக் கேட்டுட்டு எழுந்து போய்ட்டாங்க. பொண்ணு சோறு துன்ன மாட்டேன்னு அழுவுது. நீங்க பெரியவங்க, எங்க ஊருக்கு ஒருநட வந்து, துலுக்காணம் அப்டி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க பேச்ச நம்புவாங்க."

"பாக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு எழுந்து, டீயைக்கூட முடிக்காமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! பின்னாலேயே ஓடி வழியை மறித்தேன். "யோவ் மாப்ள! பாக்கலாமா? இன்னாத்தப் பாக்கறது? வேப்பல கெடந்துதா இல்லயா அங்க?" "கெடந்தது மச்சான்." "வேப்பல போட்டு எவனாவது கறி சமைப்பானாய்யா? சின்னக் கொயந்தைக்குத் தெரியுமே!" அவர் ரோட்டோரத்தில், லாரிப் புழுதியில், வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியல மச்சான். மஞ்சளப் பாத்தேன், சாம்பலப் பாத்தேன், எனக்கு வேணுங்கறத மட்டும் பாத்துட்டேன். காப்புன்னு சொன்னதும் நான்தான்" என்று சொல்லி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவமானத்தில் ஒரு ஆண்பிள்ளையின் தோள் அப்படிக் குலுங்கி நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தப் பெண் ஜல்லிக்கூடையோடு போவதுதான் கண்ணில் நின்றது.

வீட்டில் மணியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சாப்புடலாம்."

போனார். அதற்கு அவரைப் பாராட்டியே ஆகவேண்டும். முதலில் புரொபசருக்கு எழுதினார். தன் கணக்கு அத்தனையும் தப்பு, வௌவால்கள் சாகவில்லை, வளையம்தான் போனது, படித்த கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிப் போட்டார். லெக்சரர் வேலை அதோடு முடிந்தது. கடைசிவரை டெமான்ஸ்ட்ரேட்டராகத்தான் இருந்தார். அதன் பிறகு துலுக்காணத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு கல்லுமேட்டுக்குப் பஸ் ஏறினார். எதற்குப் போகிறோம் என்று துலுக்காணத்திடம் முழுதாகச் சொல்லவில்லை. ஊர் எதிரில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் துலுக்காணம், வெயில் படுகிறது என்று இவருக்கு ஜன்னல் திரையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

அம்மன் வாசலில் ஊர் கூடியது. முன்சீப் அரசப்பனும் வந்து நின்றார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, எடுத்த எடுப்பில், "அந்தக் கடுதாசி எழுதனது நான்தான்" என்றார்.

துலுக்காணம் அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை நிறுத்தவில்லை. காப்பு என்று தான் சொன்னது, துலுக்காணம் அதை நம்பி முறைப்படி அவிழ்த்தது, சாம்பலையும் மஞ்சளையும் பார்த்துக் கறி சமைத்தான் என்று தான் முடிவுகட்டியது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "வேப்பிலயும் இருந்துது. அத நான் கணக்குல எடுத்துக்கல. துலுக்காணம் ஒரு வவ்வாலக்கூடத் தின்னதில்ல. தப்பு என்னுது" என்று கை கூப்பினார்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "வேப்பல போட்ட கறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அது இன்னொருவருக்குத் தொற்றியது. "நைனா, வவ்வாலுக் கறிக்கு வேப்பலதான் மசாலா!" என்று ஒருவன் கத்த, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துலுக்காணமும் கடைசியில் சிரித்துவிட்டான். கூனிக் குறுகி நின்றது மாப்பிள்ளை ஒருவர்தான். முன்சீப்புக்கும் வேறு வழியில்லை, எரு அள்ளும் பாத்தியதையை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். "உடு சார், தெரியாம செஞ்சிட்ட. வந்து சொன்னியே, அது போதும்" என்று துலுக்காணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். முதல் தடவையாக அவரை நீ என்று சொன்னான்.

அந்தக் கதை கல்லுமேட்டோடு நிற்கவில்லை. வேப்பிலை போட்ட வௌவால் கறி என்று சந்தைக்குச் சந்தை சொல்லிச் சிரித்தார்கள். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் எனக்கே அதைச் சொன்னார். போகட்டும், உண்மை ஊருக்குத் தெரிந்ததே என்று நான் நினைத்துக்கொண்டேன். குப்பாயிக்கும் எண்ணூர்ப் பக்கத்தில் நல்ல இடமாக அமைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றே மாப்பிள்ளையிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து அவர் வாய்விட்டுப் பேசினார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை குளித்துவிட்டு உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மணியம்மாள் எட்டிப் பார்த்து, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு ஒரு ஆள் நிற்பதாகச் சொன்னாள். அவள் அவனை முன்னே பின்னே பார்த்ததில்லை. "யாருப்பா?" என்று கேட்டாள்.

"துலுக்காணம்மா."

எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு துலுக்காணத்தின் மேல்தான் விழ வேண்டும். மணியம்மாளுக்கு உறவிலேயே நாலைந்து பேர் உண்டு. "எந்தத் துலுக்காணம்?" என்றாள்.

"வவ்வாலுத்தின்னி துலுக்காணம்னு சொல்லும்மா, சாருக்குத் தெரியும்" என்றான் அவன். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற பேரைச் சொல்வதுபோல் சொன்னான்.

உள்ளே மாப்பிள்ளை, ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் எழுந்து போய், "வாப்பா துலுக்காணம், உள்ள வா" என்றேன்.